கடலில் கிடந்த மீன்

வாளை வாங்கப் போனேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட மீன் பளபளப்பு குறையாமல் இருந்தது. வெட்டிக் கொடுக்கிற அக்கா வயிற்றைக் கீறினார். குடலின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சுருள்கள். பழைய கைக்கடிகாரத்தைப் பிரித்தால் உள்ளே வில் ஒன்று சுருண்டு கிடக்குமே, அந்த மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மெல்ல அவிழ்ந்தது.

“என்னக்கா, நெளியுது?”

“புழுதான்.”

“மீன் கெட்டுப்போச்சா?”

அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கினார். “கண்ணப் பாரு, செவுளப் பாரு. கெட்ட மீனா இது? கடல்ல கெடந்த மீனு தம்பி. உள்ள ஒண்ணும் இல்லாம இருக்குமா?” சொல்லிக்கொண்டே குடலை ஒரே வழிப்பாக வழித்து வாளியில் போட்டார்.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சுருள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதன்பின் படித்ததும் கேட்டதுமாக அவ்வப்போது குறித்துவைத்தவை இவை. வரிசை எதுவும் இல்லை.

*

அக்கா சொன்னது சரி. ஈ மொய்த்து, முட்டையிட்டு, அதிலிருந்து வரும் புழு வேறு. கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இது மீன் உயிரோடு நீந்திய நாளிலேயே உள்ளே குடியிருந்த புழு. மீன் எவ்வளவு புதுசோ அவ்வளவு துடிப்பாக நெளியும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஒரு கருத்துரை வெளியிட்டது. இந்தப் புழு இல்லை என்று சொல்லக்கூடிய கடற்பரப்பு எதுவுமே கிடையாது என்பது அதில் ஒரு முடிவு. மீன் சந்தையில் அரை நிமிடத்தில் கிடைத்த பதில்தான்.

*

அனிசாகிஸ். இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் ஃபெலிக்ஸ் துஜார்தான், ஆண்டு 1845. மீனில் நாம் காண்பது அதன் இளம்புழு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், தைக்கிற நூலின் தடிமன், பால் வெள்ளை.

என் வாளையில் இருந்தது இதுவேதானா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது; வாளி கழுவப்பட்டுவிட்டது. ஆனால் நம் கடல்களில் வாளையிலும் சங்கராவிலும் இந்தக் குடும்பத்துப் புழுக்கள் பதிவாகியிருக்கின்றன.

இதன் பிழைப்பைப் படித்தால் பொறாமையாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. முழு வளர்ச்சி பெறுவதும் முட்டையிடுவதும் திமிங்கலம், டால்பின் போன்றவற்றின் இரைப்பையில். முட்டை கழிவோடு கடலில் விழும். அதிலிருந்து வரும் நுண்புழுவைக் கூனிப்பொடி போன்ற சிறு உயிர்கள் விழுங்கும். அவற்றைச் சிறு மீனோ கணவாயோ தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு வயிற்றிலும் புழு சுருண்டு படுத்துக் காத்திருக்கும். மீன் அதற்குச் சத்திரம்தான். ஏதாவதொரு நாள் திமிங்கலமோ டால்பினோ அந்த மீனைத் தின்றால்தான் புழுவுக்குக் கல்யாணம், குடும்பம் எல்லாம். பெரும்பாலானவற்றுக்கு அந்த நாள் வருவதே இல்லை.

நடுவில் மனிதன் புகுந்து அந்த மீனைப் பச்சையாகத் தின்றால் புழுவுக்கும் நஷ்டம், மனிதனுக்கும் நஷ்டம். நம் வயிற்றில் அது வளராது, பெருகாது. ஆனால் வந்த இடம் தெரியாமல் இரைப்பைச் சுவரில் தலையை நுழைக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் பிடுங்கி எடுக்கிற வலி, குமட்டல், வாந்தி. உள்நோக்கிக் குழாயை விட்டு, சின்ன இடுக்கியால் புழுவைப் பிடித்து இழுத்துவிட்டால் பெரும்பாலும் வலி அடங்கிவிடும். குடலுக்குப் போய்விட்டால் சிக்கல். குடல்வால் அழற்சி என்று நினைத்து வயிற்றைத் திறந்த கதைகள் மருத்துவ இதழ்களில் உண்டு.

*

இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது ஜப்பானில் என்றுதான் நினைத்திருந்தேன். நெதர்லாந்தில்.

அங்கே ஹெர்ரிங் என்ற மீனை (நம் மத்தியின் குளிர்நாட்டு உறவு) லேசாக உப்பிட்டு, வெங்காயம் தூவி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாயில் விடுவார்கள். அடுப்பே கிடையாது. 1950களில் சிலர் தாங்க முடியாத வயிற்றுவலியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அறுத்துப் பார்த்தால் குடல் வீங்கியிருந்தது, வீக்கத்துக்குள் புழு. லெய்டன் நகர ஒட்டுண்ணியியலாளர் ஃபான் தீல் குழுவினர் 1960இல் இதைப் பற்றி எழுதினார்கள்.

நூற்றாண்டுகளாகத் தின்ற மீன். அப்போது மட்டும் ஏன்? சொல்லப்பட்ட விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் படகிலேயே குடலை எடுத்து உப்பிட்டுவிடுவார்கள். பின்னால் ஐஸ் வசதி வந்தது. குடலோடு ஐஸில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்தார்கள். மீன் செத்த பிறகு குடலிலிருந்து சதைக்குள் ஊர்ந்துபோகப் புழுவுக்கு அவகாசம் கிடைத்தது. உப்பும் வரவரக் குறைந்தது. நாக்குக்கு மென்மை வேண்டுமே.

1968இல் அரசு சட்டம் போட்டது: பச்சையாகத் தின்னும் ஹெர்ரிங்கைக் குறைந்தது 24 மணி நேரம் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்த பிறகே விற்கலாம். நோய் ஏறக்குறைய நின்றுபோனது. டச்சுக்காரர்கள் இன்றும் அண்ணாந்துதான் தின்கிறார்கள். எளிமையான சட்டங்களில் இதற்கு என் பட்டியலில் முதல் இடங்களில் ஒன்று.

*

வினிகரில் ஊறவைத்தால் புழு சாகாது. எலுமிச்சைச் சாற்றில் சாகாது. வசாபியில் சாகாது. சதை வெளுத்து, வெந்தது போலத் தெரியும். புழு உள்ளே சௌகரியமாக இருக்கும். இரைப்பை அமிலத்தில் வாழப் பிறந்த ஜீவனுக்கு வினிகர் எம்மாத்திரம்! ஸ்பெயினில் நெத்திலியை வினிகரில் ஊறவைத்துத் தின்பது பெரிய பழக்கம். அங்கே 2006இல் உணவகங்களுக்கு விதி வந்தது: முதலில் உறையவை, பிறகு ஊறவை.

*

ஜப்பான். நாடு முழுவதும் பச்சை மீன் தின்கிற இடம். உணவு நஞ்சாதல் கணக்கில் 2018இல் அனிசாகிஸ் மட்டும் 468 சம்பவங்கள். எண்ணிக்கையில் கிருமிகளையெல்லாம் முந்தி முதலிடம். சாவு என்று பெரும்பாலும் இல்லை. வலிதான். அங்கே இரைப்பை மருத்துவர்களுக்கு இது புதிய காட்சியே கிடையாது. முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, கானாங்கெளுத்தி என்று பதில் வந்ததும் குழாயைத் தயார் செய்வார்கள்.

கானாங்கெளுத்தி விஷயத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. டோக்கியோ பக்கத்தில் அதைப் பச்சையாகத் தின்னப் பயப்படுவார்கள். தெற்கே ஃபுகுவோகாவில் எள்ளும் சோயாவும் கலந்து பச்சையாகவே தின்பார்கள். ஊர்ப் பெருமையே அதுதான். ரொம்ப நாள் இதை வட்டாரத் துணிச்சல் என்று நினைத்தார்கள். பிறகு புழுக்களின் மரபணுவைப் பார்த்தபோது இரண்டு பக்கமும் இரண்டு இனம் என்று தெரிந்தது. பசிபிக் பக்கத்து இனம் குடலிலிருந்து சதைக்குள் அதிகம் ஊர்ந்துபோகும். மறுபக்கத்து இனம் பெரும்பாலும் குடலிலேயே கிடக்கும்; குடலை எடுத்தால் கூடவே போய்விடும். அறிவியலுக்கு முன்னால் நாக்கு அந்த எல்லைக்கோட்டைப் போட்டுவைத்திருந்தது. அதற்காக ஃபுகுவோகாவில் யாருக்கும் வயிறு வலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

*

சூஷி என்றாலே இன்று கண்ணில் வருவது ஆரஞ்சு நிறச் சால்மன் துண்டு. சென்னையில்கூட. நாற்பது வருஷத்துக்கு முன் ஜப்பானியர் அதைப் பச்சையாகத் தொடமாட்டார்கள். காரணம் இந்தப் புழுதான். பசிபிக் கடலின் காட்டுச் சால்மனில் அது நிறைய. சுட்டோ உப்பிட்டோ தின்பார்கள், அவ்வளவுதான்.

நோர்வேக்காரர்கள் கடலில் கூண்டு கட்டிச் சால்மன் வளர்த்து, விற்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். 1985இல் மீன்வள அமைச்சர் தூர் லிஸ்டாவ் ஒரு தூதுக்குழுவோடு டோக்கியோ போனார். அடுத்த ஆண்டு ‘ப்ராஜெக்ட் ஜப்பான்’ தொடங்கியது. அதில் வேலை பார்த்த பியோர்ன் எய்ரிக் ஓல்சன் பிற்பாடு கொடுத்த பேட்டிகள் சுவாரசியமானவை. நிறம் சரியில்லை, வாசம் சரியில்லை, தலை வடிவம் சரியில்லை என்று வாங்க வந்தவர்கள் ஒவ்வொரு காரணமாகச் சொன்னார்களாம். அடியில் இருந்த பயம் புழு. கடைசியில் நிச்சிரெய் என்ற பெரிய உறைவுணவு நிறுவனத்துக்கு 5,000 டன்னை மலிவாகக் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: சூஷிக்கென்றே விற்க வேண்டும்.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். ஜப்பானிய மொழியில் சால்மனுக்கு ‘சாகே’ என்று பெயர் உண்டு. அதைத் தொடவே இல்லை. ‘சாமோன்’ என்று இங்கிலீஷ் பெயரைக் கொண்டுவந்தார்கள். பழைய பெயரில் சமைக்கிற மீன், புதுப் பெயரில் பச்சை மீன். ஜப்பானியர் நாக்கைவிடக் காது சீக்கிரம் ஏமாந்தது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் ஏமாற்று இல்லை. கூண்டுச் சால்மனில் உண்மையிலேயே புழு இல்லை.

*

ஏன் இல்லை? கூண்டு அதே கடலில்தான் மிதக்கிறது. தண்ணீர் அதேதான். வித்தியாசம் தீனியில். கூண்டு மீன் தின்பது சூட்டில் சமைத்து உலர்த்திய குருணை. மேலே சொன்ன சத்திரச் சங்கிலியில் கூனிப்பொடி என்ற கண்ணி அறுந்துபோகிறது. புழு ஏறிவர வழியில்லை. சந்தைக்கு வரும் பண்ணைச் சால்மனைச் சோதித்தவர்கள் திரும்பத் திரும்ப வெறும் கையோடுதான் வந்தார்கள். உயிருள்ள ஒட்டுண்ணி இல்லாத தீனியில் மட்டும் வளர்ந்த மீனுக்கு உறையவைக்கும் கட்டாயத்திலிருந்து 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் விலக்குக் கொடுத்தது.

‘தீனியில் மட்டும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2014இல் நோர்வே ஆய்வாளர்கள் பண்ணைகளில் ஒதுக்கப்பட்ட நோஞ்சான் சால்மன்களை அறுத்துப் பார்த்தார்கள். சில மீன்களில் புழு இருந்தது. மற்றவற்றோடு போட்டி போட்டுக் குருணை தின்ன முடியாத அவை, கூண்டுக்குள் மிதந்து வந்த எதையோ தின்றிருக்க வேண்டும். அவை சந்தைக்கு வருவதில்லை. அதற்கும் முன்பு, 2005இல், சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வளர்க்கக் கொண்டுவந்த பாறை மீன் வகைக் குஞ்சுகளில் அனிசாகிஸ் பிடிபட்டது. குஞ்சுகளுக்குப் பச்சைச் சிறுமீன் தீனியாகப் போனதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே ‘பண்ணை மீன், புழு இருக்காது’ என்று கடைக்காரர் சொன்னால், என்ன தின்று வளர்ந்தது என்று ஒரு கேள்வி கேட்கலாம். பதில் கிடைக்காது. கேட்கலாம்.

*

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்குக்குப் போய்ச் சேர்ந்தவர். அங்கே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஈழத்தமிழர்கள் நிறைய. அவருக்குக் கிடைத்த வேலை புழு பிடுங்குவது.

“மேசை கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழ லைட் எரியும். கொட் மீன் துண்டை அதுக்கு மேல வைச்சால் உள்ளுக்கு இருக்கிற புழு நிழல் மாதிரித் தெரியும். கத்தி நுனியால கிள்ளி எடுக்கோணும். சதையைக் கூட வெட்டினாலும் ஏச்சு, புழுவை விட்டாலும் ஏச்சு. எட்டு மணித்தியாலம் நிண்டுகொண்டு.”

கொட் மீனில் அனிசாகிஸ் தவிர, இன்னும் கொஞ்சம் பெரிய, பழுப்புச் சிவப்பான ஒரு புழுவும் உண்டு. அது கடல்நாய்களின் வயிற்றில் குடும்பம் நடத்துவது. இரண்டுக்கும் சேர்த்து நோர்வேஜிய மொழியில் ‘க்வைஸ்’ என்பார்கள்.

“அங்க போய் நான் முதல் படிச்ச சொல்லு ‘தக்’. நன்றி எண்டு அர்த்தம். ரெண்டாவது ‘க்வைஸ்’.”

தடித்த துண்டின் நடுவில் கிடப்பது அந்த வெளிச்சத்துக்கும் தப்பிவிடும் என்றார். “தப்பினது சட்டியில பொரியும். நீங்கள் தின்னுவியள். ஒண்டும் நடக்காது.” கடலுக்கு அப்பால் நீலமாக இருட்டும் குளிர்காலம், கண்ணாடி மேசையின் வெளிச்சம், சுற்றி நின்று தமிழில் கதைத்துக்கொண்டே புழு பிடுங்கும் பையன்கள். ஒரு நாவலுக்கான இடம் அது. அவரிடம் எழுதச் சொன்னேன். புழுவைப் பற்றி எவன் படிப்பான் என்று கேட்டார்.

*

பண்ணைச் சால்மனுக்குப் புழு இல்லை. பேன் உண்டு.

கடல்பேன் என்பது புழு அல்ல, இறால் நண்டு வகையறாவில் சேர்ந்தது. லெப்பியோஃப்தெய்ரஸ் சால்மோனிஸ். மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு சளியையும் தோலையும் இரத்தத்தையும் மேயும். காட்டு மீனில் எப்போதும் இருந்ததுதான். பரந்த கடலில் ஒரு மீன், இன்னொரு மீன், நடுவில் மைல் கணக்கில் வெறும் தண்ணீர். பேன் குஞ்சுக்கு அடுத்த வீடு கிடைப்பதே அதிர்ஷ்டம். ஒரு நோர்வேக் கூண்டில் சட்டப்படி 2,00,000 மீன் வரை வளர்க்கலாம். பேனுக்கு அது பள்ளிக்கூடத்துப் பெஞ்சு. ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு ஒரு தாவல்.

அதனால் அங்கே பேன் எண்ணுவது சட்டம். சராசரியாக ஒரு மீனுக்கு வயதுவந்த பெண்பேன் 0.5க்கு மேல் போகக்கூடாது. வசந்தத்தில், காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகிற வாரங்களில், 0.2. விரல் நீளக் குஞ்சின் மேல் நாலைந்து பேன் ஏறினாலே அது பிழைப்பது கஷ்டம். கூண்டுகளைத் தாண்டித்தான் அவை கடலுக்குப் போக வேண்டும். 2017இலிருந்து நோர்வேக் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்கு போடுகிறார்கள். பச்சை என்றால் பண்ணை 6 சதவீதம் வளரலாம். சிவப்பு என்றால் 6 சதவீதம் குறைக்க வேண்டும். ஒரு பெரிய ஏற்றுமதித் தொழிலின் அளவைப் பேன் தீர்மானிக்கிறது.

பேன் சீப்பு மாதிரி இவர்கள் கண்டுபிடித்தவை பல. வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் முக்கி எடுப்பது. பேன் உதிரும், மீனும் துடிக்கும். கேமராவில் பேனைப் பார்த்துச் சுடுகிற லேசர். பேன் பொறுக்கித் தின்கிற சிறு மீன்களைக் கூண்டில் விடுவது. அந்தச் சிறு மீன்களைக் கோடிக்கணக்கில் இறக்கினார்கள், பெரும்பகுதி கூண்டிலேயே செத்தன. பேனுக்காகச் செத்த மீன் என்று அவற்றுக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

*

மருந்தும் உண்டு. தீனியில் கலந்து கொடுக்கும் எமாமெக்டின் பென்சோயேட். பெயரைப் படித்ததும் எங்கேயோ கேட்டது போல இருந்தது. மிளகாய்க்கும் பருத்திக்கும் காய்ப்புழுவுக்கு நம் ஊர் உரக்கடையில் வாங்குகிற அதே மருந்து. அதன் ஆதிமூலம், ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே சதோஷி ஓமுரா எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிர். ஐவர்மெக்டினும் அதே மண்ணில் பிறந்ததுதான். அதற்காக 2015இல் நோபல். ஒரு பிடி மண் யானைக்கால் நோயாளி, மிளகாய்ச் செடி, நோர்வேச் சால்மன் என்று மூன்று இடங்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது.

பத்து வருஷத்துக்குள் பேன் பழகிக்கொண்டது. காய்ப்புழுவோடு மல்லுக்கட்டும் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

*

ஸ்காட்லாந்திலும் நோர்வேயிலும் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள், பிடித்த சால்மனில் பேன் இருந்தால் கொண்டாடுவார்களாம். நன்னீரில் பேன் சில நாளில் உதிர்ந்துவிடும். பேன் இன்னும் ஒட்டியிருக்கிறது என்றால் மீன் கடலிலிருந்து இப்போதுதான் ஏறி வந்திருக்கிறது, சதை கெட்டியாக இருக்கும். நம் அக்காவின் கட்சிக்கு அங்கேயும் ஆள் இருக்கிறது.

*

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒன்று பிடிபட்டது. ஒட்டுண்ணி என்றதும் நாம் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: தின்றால் எனக்கு என்ன ஆகும்? காட்டு மீனின் புழு பெரும்பாலும் தின்கிறவன் பிரச்சினை. மீன் அதைச் சுமந்துகொண்டு ஓரளவு நன்றாகவே வாழ்கிறது. பண்ணை மீனின் பேன் மீனின் பிரச்சினை. நமக்கு ஒரு கீறலும் கிடையாது. முதலாவதுக்குச் சட்டமும் உறைபெட்டியும் எப்போதோ வந்துவிட்டன. இரண்டாவது இன்னும் தீரவில்லை. அருவருப்பு மட்டும் முழுவதுமாக முதலாவதின் மேல்.

*

நம் பக்கத்துப் பண்ணைகளிலும் இதே கதைதான். மண்டபத்தில் கூண்டில் வளர்க்கும் கடல் விரால் (2010இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அதைக் குஞ்சு பொரிக்க வைத்தது), உவர்நீரில் வளரும் கொடுவா. இவ்வகை மீன்களின் தோலில் ஒட்டும் ஒரு தட்டைப்புழு இருக்கிறது. கடல் தண்ணீரில் கண்ணாடி போல இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மீன் வலையில் உரசிக்கொண்டே இருக்கும், கண் மங்கும். வைத்தியம் மிக எளிது: மீனை ஐந்து நிமிடம் நல்ல தண்ணீரில் விட வேண்டும். கொடுவாவும் கடல் விராலும் தாங்கும். உப்பிலேயே வாழ்ந்த புழுவுக்குள் நல்ல தண்ணீர் பாயும். வெள்ளையாகிச் செத்து உதிரும். தொட்டியின் அடியில் அரிசி தூவினது போலக் கிடக்கும்.

*

கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கினால் சில சமயம் உள்ளே ஒரு மரவட்டைக் குஞ்சு மாதிரி, கால்கள் நிறைய உள்ள ஒன்று உட்கார்ந்திருக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தவர்கள் இவற்றை இனம் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இதன் உறவுக்காரன் ஒருவன் கலிஃபோர்னியா வளைகுடாவில், மீனின் நாக்கில் இரத்தத்தை உறிஞ்சி நாக்கைச் சுருங்கவைத்து, அந்த இடத்தில் தானே நாக்காக உட்கார்ந்துகொள்கிறான். மீனும் அந்த நாக்கைக்கொண்டு தின்று வாழ்கிறது. 1983இல் இதை விவரித்து எழுதினார்கள். முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும் ஜாதி. நாக்காக இருப்பது பெண்.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மீன் மிஞ்சிவிட்டது.

*

கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று: குடோவா. ஜப்பானில் விருந்துக்கென்று வளர்க்கும் தட்டைமீனைப் பச்சையாகத் தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் எடுத்து, மறுநாளே சரியாகிப்போன கூட்டங்கள் உண்டு. பல ஆண்டுகள் காரணம் தெரியாமல் இருந்து, 2011இல் இதுதான் என்று முடிவுசெய்தார்கள். ஒரு கிராம் சதையில் 10 லட்சம் வித்துக்கு மேல் இருந்தால் விற்கக்கூடாது. அப்படியென்றால் அதற்குக் கீழே? கீழே இருந்தால் தின்னலாம். இதன் வம்சத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் சென்று நின்றது ஜெல்லிமீனிடம். ஜெல்லிமீனின் சொந்தக்காரன், தேய்ந்து தேய்ந்து சில உயிரணுக்களாகி, இன்னொரு மீனின் சதைக்குள் குடியேறியிருக்கிறான். சில குடோவா இனங்கள், மீன் செத்தபின் சதையைக் கூழாக்கிவிடும். புது மீன் வாங்கியும் சட்டியில் கரைந்தால் எல்லா நேரமும் மீன்காரரைத் திட்டக்கூடாது என்பதற்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

*

சியாட்டிலில் மீன் பதனிடுவோர் சங்கம் ஒன்றின் நிலவறையில் பழைய சால்மன் டப்பாக்கள் கிடந்தன. தரச் சோதனைக்கு எடுத்து வைத்து மறந்தவை. தூக்கிப் போடுவதற்கு முன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செல்சி வுட்டிடம் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றார். 1979 முதல் 2021 வரை, 178 டப்பா. காலாவதியான சால்மனை இடுக்கியால் பிய்த்துப் பிய்த்துப் புழு எண்ணினார்கள். டப்பாவில் அடைக்கும்போது வெந்து செத்த புழு, தின்றாலும் தீங்கில்லை. நான்கு வகைச் சால்மனில் இரண்டில் புழு ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது, மற்ற இரண்டில் மாறவில்லை. 2024இல் வெளிவந்த ஆய்வு.

அதே வுட்டின் குழு 2020இல், உலகம் முழுக்க முன்பு எழுதப்பட்ட ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து, 1978க்கும் 2015க்கும் இடையில் அனிசாகிஸ் 283 மடங்கு கூடியிருக்கிறது என்றது. காரணம் எதுவாக இருக்கலாம் என்ற இடத்தில் அவர்கள் முன்வைக்கும் யூகங்களில் ஒன்று திமிங்கலம். 1972இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் போட்டது. 1986இலிருந்து வணிகத் திமிங்கல வேட்டைக்கு உலகத் தடை. திமிங்கலம் பெருகினால் புழுவின் கல்யாண மண்டபம் பெருகுகிறது. கூனிப்பொடி, சிறுமீன், பெரிய மீன், திமிங்கலம் எல்லாம் உள்ள கடலில்தான் இந்தப் புழு உண்டு. ஒன்று குறைந்தாலும் அதற்குப் பிழைப்பில்லை. டப்பாவுக்குள் செத்துக்கிடந்த புழுவிலிருந்து கடலின் ஆரோக்கியத்தை வாசிக்கிற அந்த வேலையை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் நிறைய மரியாதையும் வருகிறது.

*

அடுப்படிக் கணக்கு. துண்டின் நடுப்பகுதி 60 டிகிரியை எட்டி ஒரு நிமிடம் இருந்தால் புழு செத்தது. கொதிக்கிற குழம்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தடித்த வஞ்சிரத் துண்டை ‘மேலே மொறுமொறு, உள்ளே ஜூஸி’ என்று புதுப் பாணியில் அரைவேக்காடாக எடுக்கிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். பச்சையாகத் தின்ன ஆசையென்றால் உறையவைத்த மீனா என்று உணவகத்தில் கேட்கலாம். ஐரோப்பியக் கணக்கில் மைனஸ் 20இல் 24 மணி நேரம், அமெரிக்கக் கணக்கில் ஏழு நாள். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டு அந்தக் குளிருக்குப் பெரும்பாலும் போகாது. நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சிலருக்கு இந்தப் புழு ஒவ்வாமை தரும். உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு முட்டும். புழுவின் சில புரதங்கள் சூட்டுக்கு அழிவதில்லை. வெந்த மீன் தின்று தடித்தால், மீன் ஒவ்வாமை என்று முடிவுகட்டுவதற்கு முன் மருத்துவரிடம் இதையும் சொல்லிப் பார்க்கலாம்.

*

போன வாரம் மறுபடி வாளை. இந்த முறையும் சுருள்கள். மூன்று எண்ணினேன். பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மீனை எடுத்தார்.

மீன் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: குடலோடு வீட்டுக்குக் கொண்டுபோய், சாயங்காலம் சுத்தம் செய்து கொள்ளலாம் என்று வைத்துவிடாதீர்கள். அங்கேயே கீறி எடுக்கச் சொல்லுங்கள். வெட்டுக்கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.